மதர்போர்டுப் பெரும்போர்

திருப்புளி ஏந்திய தடக்கையன், மூன்று யூடியூப் காணொளிகளில் முற்றுங்கற்ற மூதறிஞன், வேண்டாமென்றால் விரைந்து செய்யும் வேகத்தான், அக்காளுக்கு ஒரே தம்பி வாழ்க! அவிழ்த்த திருகாணிகளைத் தாங்கிய சோப்புப் பெட்டியும் வாழ்க! ஒரே பகலில் அவன் ஆடிய போரைச் சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள் செல்லங்களா, வியர்க்கிறவர்கள் மின்விசிறிக்கு நேரே வாருங்கள்.

கட்டட வரைபடம் போடுகிற அக்காளின் கணினி ஆமையும் நாணும் நடையது. ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால், அது யோசித்து முடிப்பதற்குள் அவள் தலைசீவிப் பின்னலே போட்டுவிடுவாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் படம் போய்ச்சேர வேண்டும். தவறினால் நான்கு மாத உழைப்பு வீண், வேலையும் வேறொருவருக்கு. அந்தப் படமோ அந்தக் கணினிக்குள். அக்காள் காலையில் மனை பார்க்கப் போன நேரம் பார்த்து, கணினிக்குப் புது மூளையாகும் பிராசசரோடு களம் புகுந்தான் நம் வீரன்.

"கேளுங்கள் சுவர்களே! அக்கா திரும்புமுன் இந்த ஆமையைப் புரவியாக்குவேன்!"

சுவர்கள் கேட்டன. செய்தித்தாளுக்குப் பின்னிருந்த அக்காள் கணவரும் கேட்டார். "மாப்ள, அது இந்த போர்டுக்குச் சேருமான்னு பார்த்தியா?"

"சாக்கெட் ஒண்ணுதான் மாமா. விரலும் மோதிரமும் மாதிரி உக்காரும்."

அவ்வளவில், பழைய பிராசசரின் தலைமேல் சூடு தணிக்க நின்ற, திருகித் தளர்த்திப் பின் எடுக்கவேண்டிய விசிறிக் கோபுரத்தை, யானை கரும்பைப் பறிப்பதுபோல் நேரே பிடுங்கினான். இடையே பூசியிருந்து காய்ந்துபோன வெப்பக் களிம்பில் ஒட்டிக்கிடந்த பழைய பிராசசரும் கூடவே பெயர்ந்து வந்தது. அதன் அடியில் அணிவகுத்த ஆயிரத்து முந்நூறு மயிரிழைப் பொற்கால்களில் பதினொன்று பகைவர்முன் மண்டியிட்டனபோல் மடங்கின. ஓய்வுபெற்றவனுக்குக் கால் எதற்கென்று அதை மேசைமேல் வீசினான்.

புதியவன் சாக்கெட்டில் பூப்போல அமர்ந்தான். களிம்பும் கோபுரமும் மேலேறின. பொத்தான் அழுந்தியது. விசிறிகள் கடலென முழங்கின. விளக்குகள் மீனென மின்னின. திரையோ கார்முகிலினும் கருத்துக் கிடந்தது. நினைவகப் பட்டையான ராமைக் கழற்றினான், ரப்பரால் தேய்த்தான், மாட்டினான். மறுபடி கழற்றினான், ஊதினான், மாட்டினான். இருள் இம்மியும் அசையவில்லை.

"மோதிரம் இறுக்குதோ, மாப்ள?" என்றது செய்தித்தாள்.

மணி மூன்றடிக்க, புழுதிபடிந்த செருப்போடு அக்காள் வாசலில் தோன்றினாள். திறந்து கிடந்த பெட்டியைக் கண்டாள்.

"என் படம் எங்கடா?"

"உள்ளதான்கா இருக்கு. பத்திரமா இருக்கு."

"இப்ப எனக்கு வெளிய வேணும்டா!"

வீரன் பிராசசர் விற்ற கடைக்காரரைக் கைபேசியில் அழைத்தான். "சாக்கெட் பொருந்தினா ஆச்சா தம்பி? உங்க போர்ட எழுப்பி விடுற பயாஸ் புரோகிராம் பழசு. புதுசா வந்தவரு யாருன்னே அதுக்குத் தெரியாது. பழைய பிராசசரப் போட்டு பயாஸ அப்டேட் பண்ணுங்க, அப்புறம் இத மாட்டுங்க" என்று அருளிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அந்தோ! பழையவன் பதினொரு கால் முடங்கிக் கிடந்தான். தம்பி கண்கலங்கினான், போர்க்களத்தில் அதுவும் நடக்கும் கண்ணுகளா. அக்காள் திட்டக்கூட நேரம் செலவழிக்கவில்லை. வரையும் மெக்கானிக்கல் பென்சிலிலிருந்து ஈயக்குச்சியை உருவி எறிந்து, ஊசித்துளை முனையை ஒவ்வொரு பொற்காலிலும் தொப்பிபோல் மாட்டி, மூச்சைப் பிடித்து, புருவம் திருத்தும் நுட்பத்தோடு நிமிர்த்தலானாள். கணவர் செய்தித்தாளைத் துறந்து, கைபேசி விளக்கைத் தீப்பந்தமாய் உயர்த்தினார். தம்பி தும்மலை விழுங்கினான். ஒன்பது நிமிர்ந்தன, பத்தாவது முறிவேன் என மிரட்டிப் பணிந்தது, பதினொன்றும் எழுந்து நின்றது.

மீண்டும் சாக்கெட், மீண்டும் களிம்பு, மீண்டும் கோபுரம், மீண்டும் பொத்தான். ஒளி பிறந்தது! முகில் கிழித்த முழுநிலவெனத் திரை மலர, அதன் மூலையில் மணி நாலே கால் எனத் துலங்க, தம்பி திருப்புளியை வானோக்கி உயர்த்தி முழங்கினான்: "இனி பயாஸைப் புதுப்பிப்பேன்! புதிய வேந்தனை அரியணை ஏற்றுவேன்!"

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன். எந்திரிடா நாற்காலிய விட்டு" என்றாள் அக்காள்.

நாலு ஐம்பதுக்குப் படம் போய்ச்சேர்ந்தது, புதுப் பிராசசர் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.