இரண்டு நிமிட மணியும் ஊதாப் பொன்னாடையும்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம். என் கமராவுக்குள் தெரிந்தது, தலைக்கவசம் போட்ட ஒரு வெள்ளைக்காரரின் தோளில் சரிகை வைத்த ஊதாநிறப் பொன்னாடை. அவரைச் சுற்றி ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து வந்த பதினான்கு பேர் புகைப்படத்துக்கு நின்றார்கள். சற்றுத் தள்ளி ஒரு மரக்கூண்டில், ஒரு கையில் கடிகாரமும் மறுகையில் விசிலுமாக ஒரு மனிதர் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் குடியிருந்த அத்தனை தமிழர்களிலும், ஆறு மணி என்றால் ஆறு மணிதான் என்று நம்பிய ஒரே ஆள் அவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மல்வேர்னில் எல்லோருக்கும் அவர் ‘மூண்டு-ரெண்டு’.

கனடாவுக்கு வரும் வழியில் அவர் இங்கிலாந்தில் மூன்று வருடம் மாட்டிக்கொண்டார். அங்கே ஒரு விளையாட்டரங்கின் தேநீர்க்கடையில் கோப்பை கழுவினார். அந்த அரங்கில் வாரம் ஒருமுறை ஸ்பீட்வே எனும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். மற்றவர்கள் இங்கிலாந்திலிருந்து கோட்டும் இருமலும் கொண்டுவந்தார்கள். இவர் அந்தப் பந்தயத்தின் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மில்லிக்கனில் பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு அலுவலகத்துக்கு வந்து, என் மேசையில் நான்கு தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்தார்.

“ஐசே, நாலு பேர். நாலு சுத்து. ஒரே ஒரு கியர். பிரேக் இல்லை.”

“பிரேக் இல்லாமல் எப்பிடி நிப்பாட்டுறது?”

“நிப்பாட்டுறதுக்கே ஐசே போறாங்கள்? முதல் வாறவனுக்கு மூண்டு புள்ளி. அடுத்தவனுக்கு ரெண்டு. மூண்டாவதுக்கு ஒண்டு.”

“கடைசியா வாறவனுக்கு?”

“அவனுக்கு மண். முன்னுக்குப் போற மூண்டு பேற்றை மண்ணும்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, விதிகளிலேயே தமக்குப் பிடித்த விதியைச் சொன்னார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் ஒரு மணி அடிக்கும். அடித்து இரண்டு நிமிடத்துக்குள் ஓட்டி தொடக்க நாடாவுக்குப் பின்னால் வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் அந்த ஓட்டத்தில் அவருக்கு இடமில்லை. “ராசாவெண்டாலும் வெளியிலைதான்,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோயிலில் கற்பூரம் காட்டும்போது மற்றவர்கள் முகத்தில் வருவது வந்தது.

இந்த விதிகளை அவர் பந்தயத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊர் அவரை மறந்திருக்கும். அவர் குடியிருந்த வரிசையில் நான்கு வீடுகள். பனி கொட்டினால் யார் முதலில் வழிக்கிறார்கள் என்று பார்த்து மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று புள்ளி போட்டு, தபால்பெட்டியில் ஒட்டிவிடுவார். பூச்சியம் வாங்கிய வீட்டுக்காரர் மண்வெட்டியோடு சண்டைக்கு வந்தார்.

“நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தனான் காணும்!”

“அதுக்குத்தான் அண்ணை பூச்சியம். எழும்பியிருந்தால் ஒண்டு.”

திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் எதற்குப் போனாலும் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகப் போய் நிற்பார். மண்டபம் பூட்டிக் கிடக்கும். இரண்டு நிமிடம் கழிந்ததும் அழைப்பிதழின் பின்பக்கத்தில் பூச்சியம் போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்று, பிறகு சாப்பிட்டுவிட்டு வருவார். அவர் கணக்குப்படி ரொறன்ரோத் தமிழர்களாகிய நாங்கள் எத்தனையோ வருடமாக ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை.

நயாகராவுக்குப் போகிற வழியில், பீச் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு பந்தயத் திடல் இருப்பதைக் கண்டுபிடித்த அன்றுதான் அவர் உண்மையில் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். முதல் வருடம் ஓட்டங்களுக்கு இடையே மண்ணை வாரிச் சமப்படுத்தும் வேலை. சம்பளம் ஒரு ஹொட் டோக். அடுத்த வருடம் புள்ளித்தாள் எழுதக் கொடுத்தார்கள். அதற்கடுத்த வருடம் இரண்டு நிமிடக் கடிகாரத்தையும் கொடுத்தார்கள். அங்கே அவர் பெயர் ‘பொயின்ற்ஸ்’.

அந்த வருடம் இறுதிப்போட்டி நடக்காது போலிருந்தது. ஸ்பீட்வேயில் ஓட்டிகளுக்குப் பெரிய சம்பளம் கிடையாது. மோட்டார் சைக்கிள், எரிபொருள், பின்சக்கரத்து ரயர் எல்லாம் அவரவர் செலவு. எடுக்கிற புள்ளிக்கு ஏற்பத் திடல்காரர் ஏதோ கொடுப்பார். வாசல் ரிக்கெற் பணம் காப்புறுதிக்கும் அம்புலன்ஸுக்கும் போய்விடும். அம்புலன்ஸ் வந்து நிற்காவிட்டால் ஒரு சைக்கிளையும் உருட்டக்கூடாது. அந்த வருடம் மழையில் வாசலுக்கு ஆளே வரவில்லை. திடல்காரர் கையை விரித்தார்.

“இருபது ஓட்டம்,” என்றார் மூண்டு-ரெண்டு. “இருபது அனுசரணையாளர். நான் கொண்டுவாறன்.”

அவர் போனது எங்கள் கடைகளுக்கு. நகைக்கடை, புடவைக்கடை, வீடியோக்கடை, ஈற்றில் மிளகாய்த்தூள் அரைக்கிற மில்காரர். இருபது பேரும் பத்து நிமிடத்தில் சம்மதித்தார்கள். இருபது பேரும் தங்களுக்கு முதலாவது ஓட்டம் வேண்டும் என்றார்கள். அதைத் தீர்க்க நான்கு வாரம் பிடித்தது.

பதினாறு ஓட்டிகள், ஆளுக்கு ஐந்து ஓட்டம், ஒருவர் மற்றப் பதினைந்து பேரோடும் ஒரேயொரு தடவைதான் மோதுவார், ஆகவே வரிசையை மாற்ற முடியாது என்று அவர் கடை கடையாக விளக்கினார். கடைசியில் சீட்டுக் குலுக்கினார். மில்காரருக்கு இருபதாவது ஓட்டம் விழுந்தது.

“என்னைக் கடைசியிலை போடுறீரோ?” மில்காரர் எழும்பிவிட்டார்.

“அண்ணை, எங்கடை விழாவிலை பிரதம விருந்தினர் எப்ப பேசுறவர்?”

மில்காரர் யோசித்தார். இருந்தார். அதோடு நில்லாமல், தமக்கென்று ஓர் ஓட்டியையும் கேட்டார். கிடைத்தவர் பில் என்ற குழாய் திருத்துநர். நல்ல ஓட்டி, ரயர் வாங்க வழியில்லாதவர். அவருடைய சைக்கிளின் பின் மட்காட்டில் ‘வறுத்த மிளகாய்த்தூள்’ என்று சிவப்பில் எழுதப்பட்டது. இடம் போதாமல் கடைசி எழுத்து ரயருக்கு மேலே தொங்கியது. என்ன அர்த்தம் என்று பில் கேட்டார். “நெருப்பு,” என்றார் மூண்டு-ரெண்டு. பில்லுக்குத் திருப்தி.

போட்டி நாள் காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிடவேண்டிய பஸ் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வெளிக்கிட்டது. அனுசரணையாளர்கள் முன்வரிசையில்தான் இருப்போம் என்று அடம்பிடித்தார்கள். சைக்கிள் சரிந்து திரும்புகிற இரண்டாவது வளைவில், வேலியோடு, மடிப்புக் கதிரைகள்.

“அதிலை மண் வரும், அண்ணை.”

“நாங்கள் ஸ்பொன்சர் ஐசே. பின்னுக்கு இருக்கிறதே?”

முதல் ஓட்டத்தின் முதல் சுற்றில் மண் வந்தது. நகைக்கடைக்காரரின் வெள்ளை வேட்டி ஒரே வீச்சில் காவியானது. மில்காரரின் மனைவியான அன்ரியின் சோற்றுப் பார்சலில் ஒரு கைப்பிடி நயாகரா விழுந்தது. ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் விசிலடித்தார்கள். எட்டாவதில், வாழ்க்கையில் மோட்டார் சைக்கிளே ஏறாத புடவைக்கடைக்காரர் எழுந்து நின்று, “உள்ளுக்காலை எடடா! உள்ளுக்காலை!” என்று பில்லுக்குத் தமிழில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

பில் நான்கு ஓட்டம் ஓடினார், நான்கிலும் முதல். பன்னிரண்டு புள்ளி. அடுத்த இடத்தில் ஒரு பீச் தோட்டக்காரர், ஒன்பது. இருவரும் மோதவேண்டிய ஒரே ஓட்டம் இருபதாவது. பில் அதில் மூன்றாவதாக வந்தாலே ஒரு புள்ளி, அதுவே கிண்ணம். சும்மா உருட்டிக்கொண்டு வந்தாலும் போதும்.

அந்த நேரத்தில்தான் மில்காரருக்குப் பொன்னாடை நினைவு வந்தது.

மணி அடித்தது மூன்று நாற்பதுக்கு. பில் தலைக்கவசம் போட்டுச் சைக்கிளில் ஏறப்போனார். மில்காரர் அவரை மறித்துப் போர்த்தினார். அன்ரி, “சரிகை உள்ளுக்குப் போட்டுது, திருப்பிப் போடுங்கோ,” என்றார். திருப்பிப் போர்த்தினார். பில் மரியாதையான மனிதர். நம் ஊர் வழக்கம் தெரியாமல் அவமதித்துவிடக் கூடாது என்று அசையாமல் நின்றார்.

“அண்ணை, உங்கடை ஆளை விடுங்கோ! ஒரு நிமிசம் இருவது செக்கன் முடிஞ்சுது!” என்றது மரக்கூண்டு.

“பொறும் ஐசே, ஒரு படம்!”

இன்னொன்று எடுக்கிறேன், புடவைக்கடைக்காரர் கண்ணை மூடிவிட்டார் என்று சொன்னது நான்தான்.

விசில் ஊதியது. பில் நாடாவிலிருந்து இருபது அடி தூரத்தில், தோளில் ஊதாப் பொன்னாடையோடு, ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். மூன்று பேர் ஓடிய ஓட்டத்தில் தோட்டக்காரர் முதலாவதாக வந்தார். அவருக்கும் பன்னிரண்டு.

மில்காரர் கூண்டுக்கு ஓடினார். “உமக்கென்ன விசரே? உம்மடை ஆளை நீரே வெட்டுறீரோ?”

“நான் வெட்டேல்லை அண்ணை. மணிக்கூடு வெட்டினது.”

“அடுத்த வருசம் இருவது கடையிலை ஒண்டும் வராது. விளங்குதோ?”

“விளங்குது, அண்ணை.”

விளங்கியதுதான். இந்த இருபது பேர் இல்லாவிட்டால் அடுத்த வருடம் அம்புலன்ஸ் இல்லை, இறுதிப்போட்டி இல்லை. அவர் புள்ளித்தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். பில்லின் பெயருக்கு நேரே விலக்கலுக்கு ‘வி’ என்று போட்டு, பக்கத்தில் ‘2 நிமிடம்’ என்று எழுதினார்.

“இப்ப என்ன நடக்கும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் சமன். ரெண்டு பேர் மட்டும் திரும்ப ஓடவேணும். நாலு சுத்து.”

மில்காரர் திரும்பினார். “எத்தினை நிமிசத்திலை நிக்கவேணும்?”

“ரெண்டு.”

மணி அடித்தது. மில்காரர் போட்ட சத்தம் தோட்டங்களைத் தாண்டிக் கேட்டிருக்கும். “ஒருத்தரும் அவனைத் தொடக்கூடாது! தள்ளுறதெண்டால் சைக்கிளைத் தள்ளுங்கோ!”

இந்தச் சைக்கிள்கள் தாமாகக் கிளம்பாது. ஒருவர் பின்னால் நின்று தள்ளவேண்டும். அன்று பதினான்கு பேர் தள்ளினார்கள். பில்லின் மெக்கானிக்கை இடித்து ஓரத்தில் விட்டார்கள். அன்ரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ‘வறுத்த’ என்ற இடத்தில் கை வைத்துத் தள்ளினார். நகைக்கடைக்காரர் விழுந்தார், எழும்பினார், திரும்பவும் தள்ளினார். எஞ்சின் பிடித்து உறுமியபோதும் விடவில்லை. பில் நாடாவுக்குப் பின்னால் போய் நின்றபோது இன்னும் முப்பத்தெட்டு செக்கன் இருந்தது.

மூண்டு-ரெண்டு கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று.

பில் மூன்றரைச் சுற்று முன்னுக்கு ஓடினார். கடைசி வளைவில் தோட்டக்காரர் உள்பக்கத்தால் நுழைந்து அரைச் சக்கரத்தால் வென்றார். நாங்கள் தோற்றோம் என்பது எங்களுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அதுவரை வென்றவர்களைப் போலத்தான் துள்ளினோம். விளங்கிய பிறகும் சிலர் நிறுத்தவில்லை.

மில்காரர் கூண்டடிக்கு வந்தார். மூக்குவரை மண்.

“எத்தினை புள்ளி?”

“சமனுக்கு ஓடுற ஓட்டத்துக்குப் புள்ளி இல்லை, அண்ணை. ரெண்டாம் இடம்.”

மில்காரர் மூக்கைத் துடைத்தார். “அடுத்த வருசமும் கடைசி ஓட்டம் எனக்குத்தான், சொல்லிப்போட்டன். பொன்னாடையைக் காலமையே போட்டு முடிச்சிடுவம்.”

“ஒன்பது மணிக்கு பஸ், அண்ணை.”

“ஓம், ஓம். ஒன்பது.”

திரும்பி வரும்போது மூண்டு-ரெண்டு எங்கள் பஸ்ஸிலேயே வந்தார். மல்வேர்னில் இறங்கும்போது புள்ளித்தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “பேப்பரிலை பிழையில்லாமல் போடும்,” என்றார். மறுநாள் அலுவலகத்தில் தட்டச்சு செய்ய அதை விரித்தேன். பதினாறு ஓட்டிகளின் பெயரும் புள்ளியும் பேனாவில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, பென்சிலால் பதினேழாவது வரி ஒன்று இருந்தது.

‘பஸ்ஸிலை வந்த சனம் – 3.’