நீல வாளி முற்றுகை

நுரையே! கறையின் காலனே! அரை மூடி ஊற்றச் சொன்னால் இரண்டு மூடி ஊற்றும் அப்பாவிகளின் அடைக்கலமே! வந்து என் நாவில் அமர்க; விழுங்கும்படி மட்டும் ஆக்கிவிடாதே. நான் பாடப்போவது லேசுப்பட்ட ஆளை அல்ல. கடல் கடந்தவன், இரு பெட்டி சுமந்தவன், விடுதி அறையின் ஜன்னலைத் திறக்கத் தெரியாமல் வந்த வாரம் முழுதும் வெந்தவன், தன் கைக்குட்டையைக்கூடத் தான் அலசியறியாத தவக்கொழுந்து, ஆய்வுப் படிப்பின் முதலாண்டு மாணவன், விடுதியோர் ‘புதுசு’ என்று விளிக்கும் பெருந்தகை. அவன் கொற்றம் ஓங்குக!

அத்தகையோனுக்கு ஒரு ஞாயிறு மாலை வந்ததே ஒரு சோதனை! மறுநாள் காலை இளங்கலைப் பிள்ளைகளுக்கு அவன் முதன்முதலாக வகுப்பெடுக்க வேண்டும். அதற்கென்றே அப்பா எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டை, அவனிடம் இருந்த ஒரே காலர் வைத்த சட்டை, துறையின் வரவேற்பில் வயிறாரக் காபி குடித்துவிட்டு, மார்பில் கறை தாங்கிக் கிடந்தது. கையால் கசக்கினால் ஆகாதோ என்பீர். ஆகும், ஆனால் வெளியே விடாத மழை, விடிவதற்குள் காயாது. துவைத்து உலர்த்தியும் தரவல்ல எந்திரங்கள் விடுதியின் நிலவறையில் இரண்டிருந்தன. ஒன்று செத்து மாதங்கள் ஆயின. மற்றது முக்கி முனகிச் சுழன்றது. ஒன்பது மணிக்குக் காவலர் வந்து நிலவறையைப் பூட்டிவிடுவார். அதற்குள் இன்னும் ஒரே ஒரு துவைப்புக்குத்தான் நேரம் இருந்தது.

விடுதி எல்லோருக்கும் கொடுத்த நீல வாளியில் அழுக்கை நிறைத்து நம் வீரன் படியிறங்கினான். அதே கணம், அதே நீல வாளியோடு, எதிர்ப்படியில் இறங்கினார் வேதியியலின் வேங்கை, ஆய்வேட்டை முடிக்கிறேன் முடிக்கிறேன் என்று சொல்லியே ஆண்டுகளைக் கரைத்த அஞ்சாநெஞ்சர், தாடி அண்ணன். இரு வாளிகளும் ஒருசேரத் தரை தொட்டன. அவ்விடுதியில் எழுதாச் சட்டம் ஒன்றுண்டு: எந்திரம் நிற்கும்போது எவன் அதன் பக்கத்தில் நிற்கிறானோ, அவனுக்கே அடுத்த முறை. வாளியை வைத்துவிட்டு அகன்றவன் உரிமை அத்தோடு போச்சு.

தாடி அண்ணன் முழங்கினார்: “தம்பி, நாலு வருஷமா இங்கதான் துவைக்கிறேன். நீ நாளைக்கு வா.”

வீரன் எதிர்முழங்கினான்: “நாளைக்குக் காலைல கிளாஸ் எடுக்கணும்ண்ணா. நகர மாட்டேன்.”

நின்றார்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் மற்றவர் பல்லைக் கடித்து அடக்கினார்; ஒருவர் சுவரில் சாய்ந்தால் மற்றவர் நிமிர்ந்து காட்டினார். அப்போதுதான் விதி, வீரனின் சட்டைப்பையில் கிடந்த போனுக்குள் புகுந்து அதிர்ந்தது. ஞாயிறு தவறாமல் அழைக்கும் அம்மா! நிலவறையில் பேச்சு கேட்காது, படியேறினால் கேட்கும், ஏறினால் முறை போகும். வந்த நாளிலிருந்து அம்மாவின் ஓர் அழைப்பையும் தவறவிடாத அந்தப் பிள்ளை அதைத் துண்டித்தான். பாவிப்பயல்! கண் கலங்கியதைத் தாடி அண்ணன் பார்த்தார்.

ஆயினும் வீரத்தை வெல்லும் வல்லமை காபிக்கு உண்டு. மாலை முழுதும் தாடி அண்ணன் மொடாக்கணக்கில் குடித்திருந்தது இப்போது வழி கேட்டது. ஒரு காலில் நின்றார், மறுகாலில் நின்றார், தாடி வியர்க்க, பற்கள் நெறிபட, கடைசியில் மானத்தைக் காக்கும்பொருட்டு மானத்தைவிட்டுக் கழிவறை நோக்கிப் பறந்தார். எந்திரமும் அந்த நேரம் பார்த்துத்தானா நிற்க வேண்டும்! துணிக்கு உரியவள் வந்து அள்ளிக்கொண்டு போனாள். படியில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. வீரன் கதவைப் பார்த்த கண்ணை எடுக்காமல் வாளியைக் கவ்வினான், கவிழ்த்தான், சோப்புக் கரைசலைக் குடம் கவிழ்த்ததுபோல் சரித்தான், பொத்தானை அமுக்கினான். தோற்றவர் பெருமூச்செறிந்து, தரையில் கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

வெற்றித்திருமகன் படியில் நின்று அம்மாவை அழைத்தான். முதலில் வாங்கிக்கட்டிக்கொண்டான். பிறகு, தன் துணியைத் தானே துவைப்பதாக அறிவித்தான். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். துவைத்து உலர்ந்து முடியும் நேரத்துக்கு மார்பு விம்ம இறங்கிவந்து எந்திரத்தின் கதவைத் திறந்து கைவிட்டால், வந்தது ஒரு பச்சைத் துண்டு. அவனிடம் பச்சைத் துண்டு கிடையாது. இழுக்க இழுக்க, அவன் பிறந்ததிலிருந்து கண்டிராத துணிகளாக வந்தன.

பின்னால் தாடி அண்ணன் நின்றார். கையில் நீல வாளி. வாளியின் மேல், கறை சற்றும் குலையாத வெள்ளைச் சட்டை. வாசலில் காவலர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். வீரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தாடி அண்ணன் சூடு ஆறாத குவியலைக் கிளறி, காலர் வைத்த நீலச் சட்டை ஒன்றை உருவி அவன் தோளில் போட்டார். “நீதானே துவைச்ச. நாளைக்கு இதையே போட்டுக்கோ.”

மறுநாள் காலை, பகைவனின் ஆடையையே கவசமாகப் பூண்டு, சாக்கட்டியை ஏந்தி, கொட்டாவியோடு காத்திருந்த இளங்கலைப் படையின் நடுவே, சோப்பு மணம் எட்டுத் திக்கும் கமழ அந்தப் பெருவீரன் புகுந்தான்.

கை மட்டும் கொஞ்சம் நீளம்.