மீதி நாற்பத்தேழு விமானங்கள்

பல் டாக்டருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு போர் விமானங்கள் செய்வார். அவ்வளவுதான். பிளாஸ்டிக் துண்டுகளை நறுக்கி, அரம் போட்டு, பசை தடவி ஒட்டி, மெல்லிய தூரிகையால் வர்ணம் தீட்டுவார். விமானி முகத்தில் மீசை வரையும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். அந்தக் கவனத்தில் பாதியைத் தன் கடைவாய்ப் பல்லுக்குக் காட்டியிருந்தால் அது இன்னும் தன் வாயில் இருந்திருக்கும் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

அதே வீட்டில் வேலை தேடிக்கொண்டும் பெண் தேடிக்கொண்டும் இருந்த மைத்துனருக்கு இதெல்லாம் பெரிய அவமானம். "அக்கா, வர்றவங்ககிட்ட அத்தான் அறையைக் காட்டிடாதே. வளர்ந்த மனுஷன் பொம்மை வெச்சு விளையாடுறார்னு தெரிஞ்சா எனக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?" என்பார்.

டாக்டர் வெகுகாலமாகத் தேடிய ஒரு பழைய குண்டுவீச்சு விமானம் கடைசியில் வெளிநாட்டுக் கடை ஒன்றில் கிடைத்தது. பார்சல் வந்தது. வீட்டுக்கு வரவில்லை, சுங்க அலுவலகத்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அலுவலகக் கண்காணிப்பாளர் பெட்டியை மேசை நடுவில் வைத்து, அது வெடித்தால் தப்பிக்க வசதியாக நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார்.

"ராணுவ விமானம்னு மேலேயே போட்டிருக்கே!"

"பொம்மை சார். மாடல்."

"எந்த மாடல்?"

"உலகப் போர் காலத்து மாடல் சார்."

"அப்போ பழைய வாகனம். பழைய வாகனம் இறக்குமதி பண்ணத் தனி அனுமதி வேணும்." அவர் பெட்டியின் மூலையில் விரலை வைத்தார். "இங்கே ஒன்று கோடு நாற்பத்தெட்டுன்னு போட்டிருக்கே. நாற்பத்தெட்டில் இது முதலாவது. மீதி நாற்பத்தேழு எங்கே?"

"ஐயோ, அது அளவு சார்! இது ஒண்ணுன்னா நிஜம் நாற்பத்தெட்டு."

"நிஜமாவே நாற்பத்தெட்டுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

மறுநாள் கண்காணிப்பாளர் இரண்டு உதவியாளர்களோடு வீட்டுக்கு வந்தார். பின்னறையில் பாதி வர்ணம் பூசிய விமானம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தப் பச்சையும் பழுப்பும் எதுக்கு?"

"மேலேயிருந்து பார்த்தா தரையோட தரையாத் தெரியணும். எதிரி கண்ணுக்குப் படக்கூடாது" என்றார் டாக்டர், தன் கலையைப் பற்றி முதல்முறையாக ஒருவர் கேட்ட சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அலமாரி, கட்டிலடி, மொட்டைமாடி, தெரு எல்லாம் தேடிவிட்டு அன்றைய அறிக்கையில் கண்காணிப்பாளர் இவ்வாறு எழுதினார்: "மேற்படி நாற்பத்தேழு விமானங்களில் ஒன்றுகூடத் தென்படவில்லை. இதிலிருந்து வர்ணப்பூச்சின் உயர்ந்த தரம் ஐயமறத் தெளிவாகிறது."

விமானங்கள் கிடைக்கும்வரை கிளினிக்குக்கு முத்திரை வைக்கப்பட்டது. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்தபடி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். டாக்டர் மனைவி இரவெல்லாம் அழுதாள்.

தேடல் அடுத்த வீடுகளுக்குப் பரவியது. முதலில் மாட்டியவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்.

"எங்க மாடியில விமானம் எதுவும் இல்லீங்க."

"இல்லைன்னா இல்லைன்னு மூணு அலுவலகத்துல சான்று வாங்கிட்டு வாங்க. இருக்குன்னா இங்கே ஒரு கையெழுத்து போதும்."

மேலாளர் முப்பது வருஷம் அலுவலகத்தில் இருந்தவர். மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவர் வீட்டுக் கதவில் ஒரு தகரப் பலகை அடிக்கப்பட்டது: 'பாதுகாக்கப்பட்ட வான்படை உடைமை.'

பலகை வந்ததும் தண்ணீர் லாரி அவர் வாசலில் முதலில் நின்றது. வாசலில் கார் நிறுத்தினால் போலீஸ்காரர் சலாம் வைத்துவிட்டுப் போனார். இது தெரிந்ததும் தெருவே கையெழுத்துப் போட ஓடியது. விமானம் வைத்திருப்பது கௌரவமாகிவிட்டது. காலி மொட்டைமாடிகளில், விமானம் மழையில் நனையாதிருக்கத் தார்ப்பாய் விரித்தார்கள்.

"எங்களுது ரெட்டை இன்ஜின்."

"சத்தம் அதிகமா இருக்குமே?"

"வாங்கும்போதே சத்தமில்லாததாப் பார்த்துத்தான் வாங்கினோம்."

மாடி வீட்டு அம்மாள், பக்கத்து வீட்டு விமானத்தின் இறக்கை தன் துணிக்கொடிப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதாகப் புகார் கொடுத்தார். அலுவலகம் வந்து அளந்து, இறக்கையை அரை அடி உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனது.

நாற்பத்தேழு பலகைகளும் தீர்ந்தன. ஒன்று விடாமல் எல்லா விமானங்களையும் மீட்டதற்காகக் கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கிளினிக் முத்திரை அகற்றப்பட்டது. டாக்டரின் பெட்டி மட்டும் சாட்சியப் பொருளாக அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. அதனால் வந்த நஷ்டம் மைத்துனருக்கு. பெண் வீட்டார் வந்து, வாசலில் பலகை இல்லாததைப் பார்த்து, "விமானம் இல்லாத வீடா?" என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பலகை கிடைக்காதவர்கள் எல்லாரும் மைத்துனர் தலைமையில் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். பின்னறைக்குள் அதற்குமுன் அவர்கள் யாரும் கால் வைத்ததில்லை. அலமாரியிலிருந்த விமானங்களை வாய்நிறையப் புகழ்ந்தார்கள்.

"அத்தான், அடுத்தது எப்போ வரவழைக்கப் போறீங்க?" என்றார் மைத்துனர் பவ்யமாக.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் தன் கலையைப் புரிந்துகொண்டார்களே! "இப்போவே வரவழைக்கலாம்னுதான் யோசிக்கிறேன்."

"எழுபத்திரண்டில் ஒண்ணுன்னு ஒரு அளவு இருக்காமே? மீதி எழுபத்தொண்ணு வரும். எங்க எல்லாருக்கும் போக, மிச்சமும் இருக்கும்."

"அது ரொம்பச் சின்னதா இருக்கும் மாப்பிள்ளை. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லே. முப்பத்திரண்டில் ஒண்ணு வாங்கப் போறேன். கையில நல்லாப் பெரிசா நிக்கும்."

மைத்துனர் விரல்விட்டு எண்ணினார். மற்றவர்களும் எண்ணினார்கள். மீதி முப்பத்தொன்றுதான் வந்தது, எல்லாருக்கும் போதாது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள்.

திங்கட்கிழமை காலை கிளினிக்குக்கு மறுபடி முத்திரை விழுந்தது. தெருவார் கூடிக் கொடுத்திருந்த புகார் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. தன் சுயநலத்துக்காக, நாற்பத்தெட்டாக இருந்த நாட்டின் விமான பலத்தில் பதினாறு விமானங்களைக் குறைக்க ஒரு பல் டாக்டர் சதி செய்கிறாராம். முதல் கையெழுத்து மைத்துனருடையது. இரண்டாவது கையெழுத்துப் போட்டவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதே கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.