தொந்தியும் ஒரு தொடுப்பும்

தொந்தியைத் தடவிக்கொண்டே பேசுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பந்தியிலிருந்து எழுந்ததும் தடவுவார்கள், பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லுமுன் தடவுவார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில்கூடத் தடவுவார்கள். உடம்பில் எது பழுதானாலும் தண்ணீரைக் குறை சொல்வார்கள், உரத்தைக் குறை சொல்வார்கள், பெண்டாட்டியின் சமையலைக் குறை சொல்வார்கள். தொந்தியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவிட மாட்டார்கள். அது சொத்தல்லவா?

கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி தீனதயாளன் இந்த இனத்தில் முதல் தரம். நாற்பதைத் தாண்டியவர். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு மனக்கஷ்டம். இரவில் மனைவி செந்தமிழ்ச்செல்வி பக்கத்தில் வந்து படுத்தால் போதும், "மோட்டார் போடணும்" என்று துண்டை உதறிக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிடுவார். கரெண்ட் இல்லாத இரவுகளிலும் கிளம்பினார்.

கடைசியில் கள்ளக்குறிச்சி டாக்டர் மாயவனிடம் போய், கம்பவுண்டரை வெளியே அனுப்பச் சொல்லி, விஷயத்தை அரை வாக்கியத்தில் முடித்தார். டாக்டர் டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றினார். டேப் போதவில்லை.

"வயித்துல இவ்ளோ கொழுப்பு சேர்ந்தா ஆம்பளைக்கு வேண்டிய சுரப்பு கம்மியாயிடுங்க. ரத்தக்குழாயும் அடைபடும். சர்க்கரை இருக்கான்னு பாத்துடலாம். நடங்க, வயித்தக் கொறைங்க. நெறைய பேருக்கு அதுலயே சரியாவுது."

"நான் இன்னா சொல்றேன், நீங்க இன்னா சொல்றீங்க? வயிறு நல்லாத்தாங்க இருக்குது!"

கோபத்தோடு வெளியே வந்தவர், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒருவர் லேகியம் கிண்டுவதாகக் கேள்விப்பட்டு, வாரம் தவறாமல் பஸ் ஏறினார். நெய், தேன், வெல்லம். நெல்லிக்காய் அளவு தின்னச் சொன்னதை உள்ளங்கை நிறைய அள்ளித் தின்றார். தொந்தி வளர்ந்தது. மற்றது அப்படியே இருந்தது.

"மலையில யாருங்க இருக்கா?" என்று ஒருநாள் செந்தமிழ்ச்செல்வி கேட்டாள்.

நல்ல மனிதன் என்ன செய்வான்? லேகிய டப்பாவை எடுத்துக் காட்டுவான். தீனதயாளன் மீசையைத் தடவினார், பிறகு தொந்தியைத் தடவினார். "ஆம்பளன்னா ஆயிரம் இருக்கும்" என்றார்.

நோயாளி என்ற பேரைவிட மைனர் என்ற பேர் மேலல்லவா! மலையில் அவருக்கு ஒரு தொடுப்பு இருப்பதாக ஊர் பேசியது. டீக்கடையில் சின்னக்கண்ணு எழுந்து நின்று பெஞ்சில் இடம் கொடுத்தான். செந்தமிழ்ச்செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இடஒதுக்கீட்டு மறியல் தொடங்கியது. எண்பத்தேழாம் வருஷம். சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன, பஸ் நின்றுபோனது. ஊர் எல்லைப் புளியமரத்தைச் சாய்க்கக் கயிறு பிடித்து இழுத்தவர்களில் தீனதயாளனும் ஒருவர். அதற்குள் மைத்துனன் சைக்கிள்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினான்: "மறியல் முடிஞ்சதும் பஞ்சாயத்து. அக்கா இனிமே அங்க வரமாட்டா."

அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவளில்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள்மேல் அவருக்கு உயிர். இத்தனை வருஷத்தில் அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

கள்ளக்குறிச்சிக்கு நடந்தே கிளம்பினார். அவரே சாய்த்த புளியமரத்துக்கு அடியில் நுழையப் பார்த்து, தொந்தி சிக்கிக்கொண்டு நடுவில் நின்றார். மறியல் காவலுக்கு இருந்த பச்சமுத்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"எங்கண்ணே போய்க்கினு இருக்கீங்க? மலை அந்தப் பக்கம்ல இருக்குது!"

தீனதயாளன் கள்ளக்குறிச்சிப் பக்கம் கையைக் காட்டினார். மூச்சு இருந்தால்தானே சொல்வதற்கு.

பொழுது சாயும்போது மாமியார் வீட்டு வாசலில் வேர்வை சொட்டச் சொட்ட நின்றார். செந்தமிழ்ச்செல்வி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிவிட்டுக் கேட்டாள்: "யாரு அவ?"

"எவளும் இல்ல செல்வி. எனக்குத்தான் முடியல. லேகியம் வாங்கத்தான் போனேன்."

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "இத சொல்லியிருந்தா நான் இன்னா உங்கள விட்டுடவா போறேன்? என்னப் புடிக்காமப் போச்சின்னுதான் அழுதுக்கினு இருந்தேன்."

தீனதயாளன் தலை குனிந்துகொண்டார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார். "செல்வி, ஊருக்கு மட்டும்... மலையில ஒருத்தி இருக்கான்னே இருக்கட்டுமே."

"இருக்கட்டுங்க. ஆனா அவளத் தெனம் பாக்கப் போவணும். நடந்தே போவணும். லேகியம் கூடாது. பஸ் ஏறினீங்கன்னா டீக்கடைக்கு வந்து நானே எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அன்று முதல் தீனதயாளன் விடிந்ததும் மலையடிவாரம்வரை நடந்து திரும்பினார். ஊர் தலையிலடித்துக்கொண்டது. சில மாதங்களில் அவர் இளைத்ததைப் பார்த்து, மலைக்காரி ஆளை உறிஞ்சிவிட்டாள் என்றது. செந்தமிழ்ச்செல்வி தினமும் மல்லிகைப்பூ வாங்க ஆரம்பித்ததைப் பார்த்து, பாவம், புருஷனைத் திருப்பப் பார்க்கிறாள் என்று பரிதாபப்பட்டது. அவள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே போனாள்.

இதெல்லாம் யாரோ தீனதயாளனின் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? சரிதான். ஆனால் ஐயா, படித்துக்கொண்டு வரும்போது டேப் வந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை உள்ளே தள்ளினீர்களே, அறையில்தான் ஒருவருமில்லையே, அது யாருக்காக? மூச்சை விட்டுவிடுங்கள். செருப்பு வாசலில்தான் கிடக்கிறது.