டைனமோ விளக்கு அணையவில்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனாரின் ஆசிகள். நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன கார்தான் சுகமில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சிக்கு அதை எடுத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். "வாரத்துக்கு ஒரு தடவை ஓட விடுங்க மாமா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஆறு வருஷத்துக்கு முன் நான் என் பெண்ணையே உங்களை நம்பிக் கொடுத்தேன். நீங்கள் என்னை நம்பி ஒன்று கொடுத்தது இதுதான் முதல் தடவை. பயபக்தியோடு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பதறிப்போய்ச் சாவியை உருவிவிட்டேன். மறுநாளும் திருப்பினேன், மறுபடியும் சிவப்பு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "அது டைனமோ லைட்டு சார். டைனமோ பேட்டரிய சார்ஜ் பண்ணலேன்னா எரியும்" என்றார். டைனமோவைக் கழற்றச் சொன்னேன். அவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து பேட்டரியோடு இணைத்தாரோ இல்லையோ, விர்ரென்று சுற்றி உருண்டு தண்ணீர் ஜக்கைத் தள்ளிவிட்டது. "சுத்துது பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்கிறார். டைனமோ சுற்றினால் கரண்ட் வரும் என்று படித்திருக்கிறேன். இங்கே கரண்ட் கொடுத்தால் சுற்றுகிறது. யார் யாருக்கு வேலை பார்க்கிறார்கள் என்றே புரியவில்லை. எதற்கு வம்பு என்று வேறொன்று வாங்கி மாட்டச் சொன்னேன். பெல்ட்டை இறுக்கினார், பேட்டரி ஒயரை டைனமோவில் ஒரு நொடி தொட்டு எடுத்தார், பொறி பறந்தது, எனக்குப் பாதி உயிர் போயிற்று. சாவியைத் திருப்பினேன். அதே சிவப்பு! "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றார். அபாய விளக்கு எரியும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்கிற ஆளை என்ன செய்வது? கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் அப்பா நாற்பது வருஷம் ஓட்டிய காரை நான் ஒரே மாதத்தில் படுக்கப் போட்டுவிட்டேன். இனிமேல் என்னை நம்பி எதையும் கொடுக்காதீர்கள். என் பெண்ணுக்கு ஆசிகள், பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். சாவியை வாங்கிக்கொண்டு போய் ஒரே தடவையில் ஸ்டார்ட் பண்ணினாள். விளக்கு அணைந்துவிட்டது! "எஞ்சின் ஓடினாத்தானேங்க டைனமோ சுத்தும்? அதுவரைக்கும் லைட்டு எரியத்தான் செய்யும்" என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். "எதுக்கு? மாப்பிள்ளை படிக்கட்டும். அடுத்த தடவை சாவிய யார்கிட்ட கொடுக்கணும்னு தெரிஞ்சுக்குவாரு" என்று சொல்லி, தபால் பெட்டியில் போட அவளே கிளம்பி நிற்கிறாள். காரில்தான்.