ஆபிரகாம் அண்ணாச்சியின் வெளிநடப்பு

பிரசங்கம் பாதியில் இருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம் அண்ணாச்சி பல்லைக் கடித்துப் பார்த்தார், தொடையை இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. எழுந்து, தலையைக் குனிந்தபடி, நடு வழியாகவே வெளியே போனார். போன வாரமும் இப்படித்தான். அதற்கு முந்தின வாரமும்.

தாராவியில் அந்தத் தமிழ்ச் சபையில் பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அண்ணாச்சிக்கோ அரை மணி தாங்காது. சந்து முனையில் இருந்த பொதுக் கழிப்பறைக்கு ஓடுவார். ஓடின வேகத்துக்கு ஒன்றும் வராது. சொட்டுச் சொட்டாக வரும். உள்ளே தூங்கிவிட்டாரா என்று யாராவது கதவை இடிப்பார்கள்.

இதை யாரிடம் சொல்வது? மனைவி இருதயமேரி இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. மகள் ஜெஸியிடம் சொல்கிற காரியமா இது?

அன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி மெம்பர் தவசிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சபாஷ் அண்ணாச்சி! போதகரய்யா பிரசங்கம் புடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா எழும்பிப் போனீயளே, அது தைரியம்!"

"ஏய், அப்படியெல்லாம் இல்லடே."

"பொறவு எதுக்குப் போனீய?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் தாராவி முழுக்கப் பரவிவிட்டது. போதகர் ஸ்டெர்லினுக்கு எதிராக ஆபிரகாம் கிளம்பிவிட்டாராம்! இருதயமேரி செத்த அன்று, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை அண்ணாச்சியின் கையை விடாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை அந்த ஸ்டெர்லின். அந்தப் பிள்ளைக்கு எதிராக அவர் கொடி பிடிப்பாரா?

சத்தமில்லாமல் போய்வரலாம் என்று அடுத்த வாரம் கடைசி பெஞ்சுக்கு மாறினார். கோபத்தில் முதல் பெஞ்சையே துறந்துவிட்டார் என்றார்கள். அவர் எழுந்ததும் தவசிமுத்து எழுந்தார். பின்னாலேயே நாலைந்து பெரியவர்கள் எழுந்தார்கள். இவர்கள் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று சந்து முனையை விட்டுவிட்டு, மெயின் ரோட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் ஆசீர்வாதமே முடிந்துவிட்டது.

தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டெர்லின் வீட்டுக்குக் கூப்பிட்டார். டீ வந்தது. அண்ணாச்சி கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"எங்க வீட்டு டீயும் ஆகாதா பெரியப்பா?" என்றார் ஸ்டெர்லின். அவர் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே அண்ணாச்சி யாருக்கும் தெரியாமல் செம்பூருக்கு பஸ் ஏறினார். டாக்டர் அறைக்குள் நுழைந்தால் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பெயர் சுப்புலக்ஷ்மியாம். கர்த்தாவே என்று திரும்பி ஓடப் பார்த்தார்.

"உக்காருங்கோ. வெக்கப்பட இதுல என்ன இருக்கு?" என்றாள் டாக்டர்.

டெஸ்ட்டெல்லாம் எடுத்தாள். கேன்சர் இல்லை, புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரக் குழாயை நெருக்குகிறது, அவ்வளவுதான் என்றாள்.

"வயித்தக் கிழிப்பியளா?"

"கத்தியே வேண்டாம். மாத்திரை இருக்கு. சின்னச் சின்ன கிளிப் போட்டு, நெருக்கற சதைய இழுத்துக் கட்டலாம். ரத்தக் குழாய் வழியா போய் சுரப்பிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கலாம். இல்லேன்னா உள்ள நீராவி அடிச்சு அதைச் சுருங்க வைக்கலாம். உங்க சுரப்பி சைஸுக்கு நீராவி சரியா வரும். அன்னிக்கே ஆத்துக்குப் போயிடலாம்."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். தோல்பைப் பட்டறை வைத்திருந்த அவருக்கு கிளிப் புரிந்தது. நீராவிதான் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ. முதல் சில வாரம் இப்ப இருக்கறதைவிட ஜாஸ்தி தொந்தரவா இருக்கும். அப்புறம் நன்னா ஆயிடும்."

நீராவி அடித்து, மூத்திரம் போக டியூப் மாட்டி, அதைக் கழற்றி, அந்தச் சில வாரம் வந்தது. ஒரே பிரசங்கத்தில் அண்ணாச்சி இரண்டு தடவை எழுந்து ஓடினார். பின்னால் பாதி ஆண்கள் பெஞ்சு காலி. யாரோ எடுத்த வீடியோ பேராயர் வரைக்கும் போனது. ஸ்டெர்லினை உல்லாஸ்நகருக்கு மாற்றிவிட்டார்கள்.

வழியனுப்பு ஆராதனைக்குள் அண்ணாச்சிக்கு உடம்பு நன்றாகிவிட்டது. பிரசங்கம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா, போதகரு தொலஞ்சாருன்னதும் பெரியவரு எவ்ளோ நிம்மதியா உக்காந்திருக்காரு!" என்று முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான்.

அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. சாட்சி சொல்கிற நேரம் வந்ததும் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நான் ஐயாவுக்கு விரோதமா எழும்பிப் போகல. எனக்கு மூத்திரக் கோளாறு. செம்பூர்ல ஒரு டாக்டரம்மாட்ட வைத்தியம் பாத்து இப்பதான் சரியாச்சு. வெக்கப்பட்டுட்டு வாய மூடிட்டு இருந்தேன். என்னாலதான் ஐயா போறாரு."

ஸ்டெர்லின் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"என் பிரசங்கம் அவ்ளோ மோசமோன்னு தூங்காமக் கெடந்தேனே பெரியப்பா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆனால் வந்த ஆர்டர் வந்ததுதான். வெளியே டெம்போவில் சாமான் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. அது சந்து திரும்பி மறைகிறவரை பார்த்துவிட்டு, அண்ணாச்சி சபைக் கோயில் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தவசிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, அந்தச் செம்பூர் டாக்டரம்மா நம்பரக் குடுங்க. எனக்கு மட்டுமில்ல, உங்க பின்னால எழும்பி வந்தோமே, எங்க அத்தன பேருக்கும் வேணும்."