முப்பதாம் தேதிக்குள் மன அமைதி

பேரிடர் மீட்புப் பணியாளர்களின் மனத்துயரத்தை வருகிற முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் முற்றிலும் நீக்கிவிடுவது என்று துறை தீர்மானித்தது. துயரம் உள்ளவர்கள் அதை நீக்கிக்கொள்ள முழு ஒத்துழைப்பு நல்க வேண்டும், தவறினால் விளக்கம் கோரப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. தேவை ஏற்படின் செவ்வாய்தோறும் ஒரு மனநல மருத்துவர் வருவார் என்று கடைசி வரியில் மட்டும் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

காதின் மனைவி அந்தக் கடைசி வரியை நாலு தரம் படித்தாள்.

காது என்பது மீட்புக் குழுவில் அவள் கணவனுக்கு வைத்த பெயர். இடிபாட்டின் மேல் நின்று அவன் கையை உயர்த்தினால் இயந்திரங்கள் நிற்கும். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவன் குப்புறப் படுத்து, அடியில் உயிர்ச் சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்பான். ஆறு மாடிக் கட்டடம் விழுந்தபோது அப்படித்தான் பதினோரு பேரை எடுத்தார்கள். பன்னிரண்டாவது ஒரு குழந்தை. அதன் அழுகை நின்று அரைமணி ஆன பிறகுதான் அவனால் அதனிடம் போய்ச் சேர முடிந்தது.

அன்றிலிருந்து அவன் தன் இரண்டு வயது மகளைத் தூக்குவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், கை உயரும். அவள் குழாயை மூடி, மின்விசிறியை நிறுத்தி, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அவன் தரையில் காதை வைப்பான்.

“கீழ் வீட்டுல பாத்திரம் தேய்க்கறாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க.”

“பேசாம இரு. ஒரு சத்தம் விட்டு விட்டு வருது.”

வெளி டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டேன் என்றான். துறை சொன்னால் போவேன் என்றான். துறை சொல்லி நெருப்புக்குள்ளேயே போனவன், டாக்டரிடம் போக மாட்டானா என்ன. ஆகவே துறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

துறை ஒரு மன அமைதி அலுவலரை நியமித்தது. போன மாதம் வரை அவர் தலைக்கவசக் கிடங்குக்குப் பொறுப்பு. மூன்று நாள் பயிற்சிக்குப் போய், மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வகுப்புக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி, ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தார். பந்தில் சிரித்த முகம். துயரம் வரும்போதெல்லாம் பிசைய வேண்டுமாம்.

“கண்ணை மூடுங்கள். அழகான மாளிகை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். மெல்ல மெல்ல மேல்மாடிக்கு ஏறுங்கள்...”

“தூணெல்லாம் தாங்குமா சார்?” என்று குழுவில் ஏணி பிடிக்கும் ஏணிக்காரர் கண்ணை மூடியபடியே கேட்டார்.

“கற்பனைத் தூண்தானே, தாங்கும்.”

“போன கட்டடத்துக்கும் தாங்கும்னுதான் சான்று கொடுத்திருந்தாங்க.”

அலுவலர் எல்லோரையும் மாடியிலிருந்து இறக்கித் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போக முயன்றார். அந்த நேரம் பார்த்துக் காதின் கை உயர்ந்தது.

நாற்பது பேரும் கப்சிப். யாரோ நுனிக்காலில் ஓடி மின்விசிறியை அணைத்தார்கள். காது தரையில் குப்புறப் படுத்தான். ஏழு நிமிடம் கூடத்தில் ஒரு தும்மல் கூட இல்லை. அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. ‘பயிற்சியின் இருபதாம் நிமிடத்தில் பூரண அமைதி நிலவியது, பணியாளர் ஒருவர் பூமியோடு ஒன்றிவிட்டார்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

காதின் மனைவி அவர் அருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “சார், அது அமைதி இல்லை. இவர் செத்துப்போன ஒரு குழந்தையைத் தேடறார்.”

“எவ்வளவு அமைதியாத் தேடறார் பாருங்க” என்றார் அலுவலர்.

“டாக்டர் எப்போ சார் வருவார்?”

“தேவை ஏற்பட்டதும். தேவையை மதிப்பிடத்தான் குடும்பச் சான்று வாங்கறோம். நாலாம் ஜன்னல்ல போய்ப் பாருங்கம்மா.”

நாலாம் ஜன்னல் எழுத்தர் படிவத்தை நீட்டினார். ஒரே கேள்வி: ‘பணியாளர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா?’ கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஆம்’. மற்றது ‘மிகவும் ஆம்’.

“இதுல ‘இல்லை’ எங்கே சார்?”

“அது பக்கத்து ஜன்னல். துறைக் குடியிருப்பைக் காலி பண்றவங்களுக்கான படிவம்.”

“நான் காலி பண்ணலையே. டாக்டரைப் பார்க்கணும், அவ்வளவுதான்.”

“டாக்டர் பணியில இருக்கறவங்களுக்குத்தான்மா. நிம்மதி இல்லாதவரைப் பணியில வெச்சுக்க விதி இடம் கொடுக்காது. நிம்மதியா இருந்தாத்தான் பணி; பணியில இருந்தாத்தான் டாக்டர்.”

அவள் இடுப்பில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பெரிய வரிசை. தனக்குக் குடியிருப்பை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு இருக்கும், அவர்களில் யாராவது துணிந்து உள்ளதைச் சொல்லிவிடுவார்கள், ஒருத்தி சொன்னால் போதுமே, டாக்டர் வந்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டாள். முதல் கட்டத்தில் குறியிட்டாள்.

எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். “வெறும் ‘ஆம்’தானா? சந்தேகப்படுவாங்கம்மா.”

அடித்துவிட்டு இரண்டாவதில் போட்டாள்.

முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே துயரம் நீங்கிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நாற்பதுக்கு நாற்பது பேரும் மிகவும் நிம்மதியாக இருப்பது ஐயமற நிரூபணமானதால், மருத்துவர் பணியிடம் ரத்து.

செவ்வாய்க்கிழமை காலை நாலாம் ஜன்னலில் ஒரே கூட்டம். எல்லோரும் மனைவிமார்.

“நீங்க என்னக்கா எழுதினீங்க?” என்று காதின் மனைவி ஏணிக்காரர் மனைவியைக் கேட்டாள்.

“வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன்” என்றாள் அவள். “மனுஷன் பத்து நாளா மாடிப்படி ஏறமாட்டேங்கறார். கீழே வண்டிக் கொட்டகையிலதான் படுக்கறார். நீ என்ன எழுதினே?”

காதின் மனைவி மகளை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“நீங்கதானேம்மா ஆளாளுக்குக் குறி போட்டுக் கொடுத்தீங்க? இப்போ வந்து கேட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்று எழுத்தர் எல்லோரையும் பொதுவாகக் கடிந்துகொண்டார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

காதின் மனைவி கடைசியாகத் திரும்பியபோது அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏம்மா, வெளியில நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமா? என் தம்பியும் இந்தக் குழுவுலதான் இருக்கான். கல்யாணம் ஆகலை, என்கூடத்தான் இருக்கான். பேச்சே இல்லை. வெச்ச சோறு வெச்சபடி இருக்கு.”

“அவருக்கு யார் சான்று கொடுத்தது?”

எழுத்தர் அக்கம்பக்கம் பார்த்தார்.

“நான்தான்” என்றார். “நானே கொடுத்து நானே வாங்கிக்கிட்டேன்.”